எவர்சில்வர் குடமும் 42 கிலோ மீட்டரும்

"அத்தை! ஒரே ஒரு அஞ்சு கிலோ மீட்டர்தானே? போயிட்டு வந்துடட்டுமா?"

போன வருஷம் மார்கழியில் என் அண்ணன் மகள் போனில் கேட்ட கேள்வி இது. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "போயேன்டி! காலை நீட்டி மடக்கினாப்பல இருக்கும்" என்றேன். அந்த ஒரு வார்த்தை இன்றைக்கும் என் மனசை உறுத்துகிறது.

ஆகவே சகோதரிகளே, இந்த இதழில் கஷாயத்தையும் பத்தியத்தையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஓட்டமா? அடுப்படிக்கும் கொல்லைக்கும் ஓடுகிற ஓட்டம் போதாதா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த அடுப்படி ஓட்டமும் இந்தக் கணக்கில் வருகிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

புதுக்கோட்டைப் பெண்களுக்கு ஓட்டம் ஒன்றும் அந்நியமில்லை. கத்தக்குறிச்சி சாந்தி 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் இரண்டாவதாக ஓடி வந்தார். (அந்தப் பதக்கத்தைப் பிறகு பறித்துக்கொண்ட வேதனை, தனியாக எழுத வேண்டிய கதை.) நம் மாவட்டத்து எல். சூர்யா 2016-ல் குவாஹாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். 2017-ல் டெல்லி அரை மாரத்தானில் இந்தியப் பெண்களில் முதலாவதாக வந்தார். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நாளில், அறிவொளி இயக்கத்தால் ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டார்களே, அதே மாவட்டம்தான் இது! என் அண்ணியும் அப்போது கற்றுக்கொண்டவர்தான். அவர் பெண் ஓடாமல் இருப்பாளா?

அண்ணன் மகளுக்கு 30 வயது. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கட்டும் என்று கவிநாட்டுக் கண்மாய்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். நடை ஓட்டமானது. ஓட்டம் ஆசையானது. ஜனவரி முதல் பகுதியில் சென்னையில் நடக்கும் மாரத்தானுக்குப் பேர் கொடுத்துவிட்டாள். விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஆறு மாசம் ஓடிப் பழகினாள்.

மாரத்தானுக்கு ஆறே நாள் இருக்கும்போது உள்ளூரில் ஒரு 5 கிலோ மீட்டர் பந்தயம். பெண்களுக்கு முதல் பரிசு ஓர் எவர்சில்வர் குடமும் கொஞ்சம் ரொக்கமும். தெருவே "நீ போகலேன்னா எப்படி?" என்றது. அப்போதுதான் என்னைக் கேட்டாள். நானும் தலையாட்டி வைத்தேன்.

குடம் கிடைத்தது. பளபளவென்று நல்ல கனமான குடம். ஆனால் சென்னையில் என்ன நடந்தது? 32-வது கிலோ மீட்டரில் கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொண்டது. நின்று நீவிவிட்டாள், நொண்டினாள், நடந்தாள். 34-வது கிலோ மீட்டரில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாசத்து விடியற்காலைகள் எட்டுக் கிலோ மீட்டர் பாக்கியோடு ரோட்டோரத்தில் முடிந்தன. அந்தக் குடத்தில் இன்றைக்கும் அண்ணி அரிசி போட்டு வைத்திருக்கிறார். பெண் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

குடம்தான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். உப்புக் குறைந்திருக்கலாம், வேகம் கூடியிருக்கலாம். ஆனால் இந்த ஒரு வருஷத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவரிடமும் டாக்டர்களிடமும் கேட்டும், புத்தகங்களைப் படித்தும் தெரிந்துகொண்டதைப் பார்த்தால், அன்றைக்கு நான் "வேண்டாம்" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்து கிலோ மீட்டரில் அப்படி என்ன இருக்கிறது?

மாரத்தான் என்பது 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிப் பக்கமாக ஓட ஆரம்பித்தால், திருச்சியை நெருங்குகிற வரை போகலாம்! இவ்வளவு தூரம் ஓடிப் பழகியவளுக்கு 5 கிலோ மீட்டர் எந்த மூலைக்கு என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தப்பு தூரத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. தினசரி ஓடுகிறபோது பேசிக்கொண்டே ஓடலாம். பந்தயம் என்று வந்துவிட்டால் மூச்சு முட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறோம். அப்போது தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கிழிசல்கள் விழுகின்றன. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் படி இறங்க முடியாமல் தொடை வலிக்கிறதே, அது இதனால்தான். வலி நாலு நாளில் போய்விடும். உள்ளே கிழிசல் தைத்து முடிய அதற்கு மேலும் ஆகலாம். தையல் காயாத ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்தில் பந்தி பரிமாறினால் எங்கே பிரியும்? தைத்த இடத்தில்தானே!

அடுத்தது, உடம்பில் இருக்கும் கையிருப்பு. நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் மாவுச்சத்தாகத் தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும். இந்தச் சேமிப்பு சுமார் 1,600 முதல் 2,000 கலோரி வரைதான். ஓடுகிறபோது கிலோ எடைக்கு, கிலோ மீட்டருக்கு ஒரு கலோரி என்று உத்தேசக் கணக்கு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 42 கிலோ மீட்டருக்கு 2,300 கலோரி ஆகிவிடும். அதனால்தான் 30 கிலோ மீட்டரைத் தாண்டியதும் பலருக்குச் சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி ஆகிறது. ஆறு நாள் முந்தைய பந்தயத்தில் செலவான மாவுச்சத்து, நன்றாகச் சாப்பிட்டால் ஓரிரு நாளில் திரும்பிவிடும். அதில் கவலையில்லை. தசைதான் அத்தனை சீக்கிரம் திரும்புவதில்லை.

மூன்றாவது ஒன்று உண்டு. இதை யாரும் சொல்வதில்லை. வெற்றி தருகிற மயக்கம்! குடம் வாங்கிய கை, சென்னையில் முதல் பத்துக் கிலோ மீட்டரைக் கணக்குக்கு மேல் வேகமாக ஓட வைத்துவிட்டது. "நான்தான் நல்லா ஓடுறேனேன்னு நெனச்சுட்டேன் அத்தை" என்று அவளே பிறகு சொன்னாள்.

சாம்பியன்கள் ஓடுகிறார்களே?

ஓடுகிறார்கள்தான். 1952-ல் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜடோபெக் ஜூலை 20-ல் 10,000 மீட்டர், 24-ல் 5,000 மீட்டர், 27-ல் மாரத்தான் ஓடி மூன்றிலும் தங்கம் வாங்கினார். மாரத்தான் அவர் அதற்கு முன் ஓடியதே இல்லை! (அந்த 24-ம் தேதியே அவர் மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கினார். வீட்டில் யார் சமைத்தார்களோ!) ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வென்றவர் அவருக்குப் பின் யாருமில்லை.

ஒரு பெண் முயன்று பார்த்தார். எத்தியோப்பியாவில் பிறந்து, பதினைந்து வயதில் அகதியாக நெதர்லாந்துக்குப் போன சிஃபான் ஹசன். 2024-ல் பாரிஸில் ஆகஸ்ட் 5-ல் 5,000 மீட்டர், 9-ம் தேதி இரவு 10,000 மீட்டர், 11-ம் தேதி காலை மாரத்தான். முதல் இரண்டில் வெண்கலம். மாரத்தானில் கடைசி நூறு, இருநூறு மீட்டரில் முந்தி, மூன்றே வினாடி வித்தியாசத்தில் தங்கம். 2 மணி 22 நிமிடம் 55 வினாடி, ஒலிம்பிக் சாதனை!

"பார்த்தீர்களா, ஓடலாம் போலிருக்கிறதே!" என்கிறீர்களா? ஓடி முடித்தபின் அவர் சொன்னதைக் கேளுங்கள். ஏன் அந்த இரண்டு பந்தயங்களையும் ஓடினோம் என்று மாரத்தான் நெடுக வருந்திக்கொண்டேதான் ஓடினாராம். தங்கம் வாங்கியவருக்கே இந்தக் கதி!

நம் மாவட்டத்து ஜி. லட்சுமணன்கூட 2017-ல் புவனேஸ்வரம் ஆசியத் தடகளத்தில் நாலு நாளைக்குள் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஆனால் இவர்களுக்கெல்லாம் ஓட்டமே தொழில். ஓடி முடித்தால் ஓய்வு. காலைப் பிடித்துவிட ஆள் உண்டு. வேளைக்குத் தட்டில் சாப்பாடு வந்துவிடும். என் அண்ணன் மகள் அன்றைக்குப் பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்து என்ன செய்தாள் தெரியுமா? இட்லிக்கு மாவு அரைத்தாள்!

அப்படியானால் சின்னப் பந்தயமே கூடாதா?

தாராளமாக ஓடலாம். காலம் பார்த்து ஓட வேண்டும். பெரிய ஓட்டத்துக்கு அது நல்ல ஒத்திகை. எந்தச் சாப்பாடு வயிற்றைக் கலக்குகிறது, எந்த உள்ளாடை உரசிப் புண்ணாக்குகிறது, புது ஷூ கடிக்கிறதா, கூட்டத்தைப் பார்த்தால் படபடப்பு வருகிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய், புறப்படும் முன் கொடுத்துவிட்டுப் போனால் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. 10 கிலோ மீட்டரை முழு மூச்சாக ஓடிய நேரத்தை 4.6-ஆல் பெருக்குங்கள். மாரத்தானுக்கு ஆகக்கூடிய நேரம் உத்தேசமாகக் கிடைக்கும். 10 கிலோ மீட்டருக்கு 60 நிமிடம் என்றால், நன்றாகப் பழகியவருக்கு 4 மணி 36 நிமிடம். முதல் தடவை ஓடுகிறவர் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஆரம்பத்தில் தலைதெறிக்க ஓட மாட்டீர்கள்.

கால அளவு இதுதான். கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்ளுங்கள்:

• 21 கிலோ மீட்டர் அரை மாரத்தான் ஓட வேண்டுமானால், பெரிய ஓட்டத்துக்கு 3 முதல் 4 வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

• 10 கிலோ மீட்டருக்கு 2 முதல் 3 வாரம் இடைவெளி வேண்டும்.

• 5 கிலோ மீட்டருக்குக் குறைந்தது 10 நாள். 2 வாரம் என்றால் இன்னும் நிம்மதி.

• கடைசி 2, 3 வாரங்களில் ஓடும் தூரத்தைப் படிப்படியாகப் பாதி அளவுக்குக் குறையுங்கள். அடியோடு நிறுத்திவிடவும் கூடாது, கால் மந்தித்துவிடும். கடைசி வாரத்தில் 20, 30 நிமிடம் மெதுவாக ஓடி, முடிவில் 100 மீட்டர் தூரத்தை நாலு தடவை கொஞ்சம் விறுவிறுப்பாக ஓடினால் போதும்.

• கடைசி வாரத்தில் உள்ளூர்ப் பந்தயம் வந்து, போகாமல் இருக்க முடியாது என்றால் போங்கள். ஆனால் பக்கத்து வீட்டு மாமியோடு பேசிக்கொண்டே கடைசியில் வாருங்கள்!

• கடைசி 2, 3 நாள் சோறு, இட்லி, இடியாப்பம் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். ஓடும்போது தாகத்துக்குக் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோர், ஓ.ஆர்.எஸ். நல்லது. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி ஆபத்தாகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம்: ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை! முருங்கைக் கீரையும் டாக்டர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் முதலில், ஓட்டம் பிறகு. பிள்ளை பெற்றவர்கள் 3 மாசம் வரை ஓட்டத்தை நினைக்கவே வேண்டாம். சிசேரியன் என்றால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். ஓடும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சரிசெய்யக்கூடியதுதான்.

அடுப்படி ஓட்டம்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் அந்தக் கடைசி வாரத்தில் அவள் என்னென்ன செய்தாள் என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். அரையாண்டு லீவு, குழந்தைகள் வீட்டில். மார்கழி மாசம், தினம் விடிகாலை குனிந்தும் குந்தியும் முக்கால் மணி நேரம் புள்ளிக் கோலம். "இந்த வாரம்தான் அதிகம் ஓடலியே" என்று பொங்கலுக்கு ஒட்டடை அடித்து, பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கித் தேய்த்திருக்கிறாள். ஸ்டூலில் ஏறி இறங்கி எத்தனை தடவை! வீட்டில் ஒருத்தருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

பயிற்சிப் புத்தகத்தில் "ஓய்வு" என்று போட்டிருக்கும் நாளை, நம் வீட்டில் "சும்மா இருக்கிற நாள்" என்று படிக்கிறோம். சும்மா இருக்கிற பொம்பளைக்கு வேலை கொடுக்காமல் நமக்குத் தூக்கம் வருமா? கெண்டைக்காலுக்குக் கோலம் என்றும் பந்தயம் என்றும் பேதம் தெரியாது. எல்லாம் ஒரே கணக்கில்தான் எழுதிக்கொள்ளும்.

அறந்தாங்கிப் பக்கம் எல்கைப் பந்தயத்துக்கு மாடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் எங்களுக்குத் தெரிந்தவர். இந்தக் கதையைச் சொன்னதும் சிரித்தார். "பெரிய பந்தயம் வருதுன்னா மாட்டை நான் சின்ன வண்டியிலகூடப் பூட்ட மாட்டேன் தாயி. அது வாயில்லா ஜீவன். அதுக்கு வேணாம்னு நாமதான் சொல்லணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாயுள்ள பெண்ணுக்காக அன்று வீட்டில் ஒருத்தரும் சொல்லவில்லையே! கேட்க வந்தவளிடம் நானும்தான் சொல்லவில்லை.

இந்த வருஷம் மறுபடி பேர் கொடுத்திருக்கிறாள். நவம்பர் கடைசியில் திருச்சியில் ஒரு 10 கிலோ மீட்டர் பந்தயம் ஓடி, நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டாள். பெரிய ஓட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. அதோடு பந்தயம் சரி. உள்ளூர்ப் பந்தயம் வழக்கம்போல் கடைசி வாரத்தில் வந்தது. இந்தத் தடவையும் குடம்தான் பரிசு!

"அத்தை, என்ன சொல்றீங்க?" என்றாள்.

"வேணாம்டி கண்ணு" என்றேன். சொல்லிவிட்டு, அவள் மாமியாரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சம்பந்தியம்மாள் கறாரானவர். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டார். கடைசியில், "அவ்வளவுதானே? கோலம் நான் போட்டுக்கறேன். ஒட்டடையை உங்க மாப்பிள்ளை அடிக்கட்டும். அவருக்கும் கை இருக்குல்ல?" என்றார்!

உள்ளூர்ப் பந்தயத்துக்கும் போனாள். ஓடவில்லை. என் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, மகளை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசையில் நடந்து வந்தாள். அண்ணிக்கு முட்டி வலி. அப்படியும் ஐந்து கிலோ மீட்டரையும் நடந்து முடித்தார். குடம் காலேஜில் படிக்கும் ஒரு பெண்ணுக்குப் போயிற்று. கைதட்டியவர்களில் இவள் முதல் ஆள்.

இதை நான் எழுதும்போது சென்னை ஓட்டத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. இப்போதுதான் போன் பண்ணினேன். மாமியார்தான் எடுத்தார்.

"தூங்குறா. எழுப்பட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்! தூங்கட்டும்" என்று வைத்துவிட்டேன்.

முடித்தாளா இல்லையா என்பதை அடுத்த இதழில் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு பெரிய காரியத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் பெண் இருப்பாள். ஓட்டமாகவோ, பரீட்சையாகவோ, பிரசவமாகவோ இருக்கலாம். அவள் கேட்க வருமுன்பே, இன்றைக்கு அவளுடைய ஒரு வேலையை யாராவது எடுத்துக்கொள்ளுங்களேன்!